ஆண் குழந்தையின் வயிற்றில் கருப்பை இருந்தால்: சத்திரசிகிச்சைக்கு மலைநாட்டுப் பெற்றோர் ஆயத்தமாகும் முறை

ஆண் குழந்தையின் விதைப்பையில் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு, நம் மலைநாட்டில் ஏற்ற நேரம் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டும் நேரந்தான். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் தை மாதக் குளிரில் துணியை விலக்கிய மறுகணமே விதைகள் மேலே ஏறிக்கொள்ளும். அதைக் கண்டு பதறி வந்த தாய்மாரும் உண்டு; "குளிருக்கு அப்படித்தான்" என்று உண்மையான குறையை இரண்டு மூன்று வருடம் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. அடுப்பு எரியும் இடத்தில், இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழந்தையை உட்கார வைத்து, உங்கள் விரல்களையும் அதே தண்ணீரில் சூடாக்கிக்கொண்டு, தொடை இடுக்கிலிருந்து கீழ்நோக்கி மெல்ல வருடிப் பாருங்கள். கச்சான் பருப்பளவில், வழுக்கிக்கொண்டு ஓடும் ஒன்று கைக்குத் தட்டுப்படும். சூட்டில் இறங்கி வந்து பைக்குள் தங்கினால் கவலை வேண்டாம். சூட்டிலும் ஒன்றோ இரண்டோ அகப்படாவிட்டால், அல்லது அழும்போது தொடை இடுக்கில் புடைப்பு எழும்பினால், அன்றைக்கே நாள் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சிறுவர் சத்திரசிகிச்சை வாட்டில் பல வருடங்கள் தாதியாகப் பணியாற்றியவள். விதை இறங்காத பிள்ளைகளை எண்ணில்லாமல் பார்த்திருக்கிறேன். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளிலேயே நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அப்படி இருக்கும். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். மிக அரிதாக ஒரு பிள்ளைக்கு மட்டும், ஹேர்னியாவுக்கென்றோ (குடலிறக்கம்) விதையை இறக்குவதற்கென்றோ வயிற்றைத் திறக்கும்போது, உள்ளே ஒரு சிறு கருப்பையும் பலோப்பியன் குழாய்களும் இருப்பது தெரியவரும். இதைத்தான் வைத்தியர்கள் பெர்சிஸ்டன்ட் முலேரியன் டக்ட் சின்ட்ரோம், சுருக்கமாக பி.எம்.டி.எஸ்., என்கிறார்கள். உலக மருத்துவ இதழ்களில் பதிவானவை சில நூறு மட்டுமே. அந்தச் செய்தியை முதன்முதலாகக் கேட்கும் தாயும் தகப்பனும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

உங்கள் பிள்ளை ஆண் பிள்ளை. அவனுடைய நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 46, எக்ஸ்.வை., அதாவது ஆணுக்குரியவை; விதைகள் ஆணின் விதைகள்; ஆண்குறி மற்ற ஆண் பிள்ளைகளுக்கு இருப்பது போன்றதே. வளர்ந்தபின் குரல் உடைவதும் மீசை அரும்புவதும் வழமைபோலவே நடக்கும்.

தாயின் வயிற்றில் முதல் இரண்டு மாதம் வரை எல்லாக் கருவிலும் இரண்டு சோடிக் குழாய்கள் இருக்கின்றன. ஒரு சோடி ஆணின் விந்துக்குழாயாக மாறக்கூடியது. முலேரியன் குழாய் எனப்படும் மற்றச் சோடி கருப்பையாகவும், பலோப்பியன் குழாய்களாகவும், யோனியின் மேற்பகுதியாகவும் மாறக்கூடியது. ஆண் கருவின் விதை இரண்டு ஹோர்மோன்களைச் சுரக்கிறது: டெஸ்டோஸ்டிரோன் முதற் சோடியை வளர்க்கிறது, ஏ.எம்.எச். என்ற ஹோர்மோன் ஏறக்குறைய எட்டாம் வாரத்துக்கும் பத்தாம் வாரத்துக்கும் இடையில் முலேரியன் குழாய்களைச் சுருங்கி மறையச் செய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் இந்த வேலையைச் செய்ய முடியாது, விதையிலிருந்து வேறொரு பொருளும் வர வேண்டும் என்று 1940களின் பிற்பகுதியில் முயல் கருக்களை வைத்துக் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி அல்ஃப்ரெட் ஜோஸ்ட். பி.எம்.டி.எஸ். பிள்ளைக்கு அந்த இரண்டாம் ஹோர்மோன் சுரப்பதில்லை, அல்லது சுரந்தும் கலங்களில் அதை ஏற்கும் 'வாங்கி' என்ற புரதம் வேலை செய்வதில்லை. ஆகவே வெளியே எல்லாம் ஒழுங்காக இருக்க, உள்ளே மறைய வேண்டிய குழாய் மறையாமல் தங்கிவிடுகிறது.

தங்கிவிட்ட கருப்பையால் பிள்ளைக்கு அன்றாடத்தில் வலியோ இடைஞ்சலோ பெரும்பாலும் இல்லை. இடைஞ்சல் விதைகளுக்குத்தான். கருப்பையோடு ஒட்டியிருப்பதால் அவை இறங்க வழியில்லாமல் வயிற்றுக்குள் நிற்கின்றன. சிலருக்கு ஒரு விதை இறங்கும்போது கருப்பையையும் தன்னோடு ஹேர்னியாவுக்குள் இழுத்துவிடும்; சிலருக்கு இரண்டு விதைகளும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் ஹேர்னியா வீங்கியும் மறுபக்கப் பை வெறுமையாகவும் இருக்கும் பிள்ளையைக் கண்டால், அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணர் கத்தியை எடுப்பதற்கு முன்பே இதை ஒருதரம் நினைத்துப் பார்ப்பார்.

பிறந்தவுடன் தவறவிடக்கூடாத ஒன்று

பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை தட்டுப்படாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போகும் முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். அது பி.எம்.டி.எஸ். ஆக இருப்பதைவிட, அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறையொன்றால் ஆண்போலத் தோன்றும் பெண் குழந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குறையில் முதல் சில வாரங்களிலேயே உடலின் உப்புக் குறைந்து, குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்து, உயிருக்கே ஆபத்து வரலாம். இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். இந்த ஒரு விடயத்தில் "கிளினிக் நாள் வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை பால் குடிக்காமல் துவண்டால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

எங்கே போவது, எப்போது போவது

தோட்ட வைத்தியசாலையிலோ, வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சொல்லி, குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். பிறகு டிக்கோயா, நுவரெலியா, பதுளை போன்ற அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். இந்த நோய்க்கு வளர்ந்தவர்களுக்குச் செய்யும் சத்திரசிகிச்சை நிபுணரைவிட, சிறுவர்களுக்கென்றே பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலும் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் அத்தகைய நிபுணர்கள் இருக்கிறார்கள், சிகிச்சை இலவசம். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையைக் கடந்துதான் போகிறது. இருந்தாலும் காலை கிளினிக்குக்கு நேரத்தோடு சேர வேண்டுமானால் இருட்டோடு புறப்பட வேண்டியிருக்கும், அன்றையப் பேரும், அதாவது அந்த நாள் கூலியும், போய்விடும். அந்த ஒரு நாள் பேருக்காகவே பலர் தள்ளிப்போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கிளினிக்குக்கு வந்ததற்கான துண்டைக் கேட்டு வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.

விதையை இறக்கும் சத்திரசிகிச்சைக்கு உகந்த வயது ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில். ஒன்றரை வயதைத் தாண்டவிடக்கூடாது. வயிற்றுச் சூட்டில் இருக்கும் விதையின் விந்தணு உண்டாக்கும் கலங்கள் காலம் செல்லச் செல்லக் குறைகின்றன. பிற்காலத்தில் விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பி.எம்.டி.எஸ். விதைகள் தம் இடத்தில் சரியாகப் பிணைக்கப்படாமல் தொங்குவதால், முறுக்கிக்கொண்டு இரத்தம் நின்று அழிந்துபோவதும் நடக்கும். "பள்ளிக்கூடம் சேர்க்கும் முன் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் சொன்னால், இந்தக் காரணங்களைச் சொல்லிப் பணிவாக மறுத்துவிடுங்கள்.

சத்திரசிகிச்சைத் தியேட்டரில் எதிர்பாராமல் தெரியவந்தால்

பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தச் செய்தி தியேட்டர் வாசலில்தான் வருகிறது. ஹேர்னியாவுக்கென்று உள்ளே கொண்டுபோன பிள்ளை. அரை மணித்தியாலத்தில் வைத்தியர் வெளியே வந்து, "உள்ளே கருப்பை போன்ற ஒன்று இருக்கிறது, இன்றைக்கு இத்தோடு நிறுத்துகிறோம்" என்கிறார். நான் பார்த்த ஒரு தகப்பன், பிள்ளையின் கம்பளிச் சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்த வசனத்தை மூன்று முறை திரும்பச் சொல்லக் கேட்டார். ஏன் முடிக்காமல் விட்டார்கள் என்றுதான் அவருக்குக் கோபம். ஆனால் அன்று நிறுத்தியதுதான் சரியான வைத்தியம். எதிர்பாராமல் கண்ட கருப்பையை அந்த இடத்திலேயே அவசரப்பட்டு வெட்டியெடுப்பதால் விதையின் இரத்தக் குழாயும் விந்துக்குழாயும் சேதமாகலாம். தவறிப்போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஹேர்னியாவை மூடி, தேவையானால் விதைகளிலிருந்து சிறு துணுக்கைப் பரிசோதனைக்கு எடுத்து, எல்லாவற்றையும் குறித்து வைத்து, பரிசோதனைகள் முடிந்தபின் திட்டமிட்டு வருவதே நல்லது.

அந்தப் பரிசோதனைகளில் நிறமூர்த்தப் பரிசோதனை முதன்மையானது. அடுத்தது இரத்தத்தில் ஏ.எம்.எச். அளவு: அது மிகக் குறைவாக இருந்தால் ஹோர்மோன் சுரக்கவில்லை என்றும், வழமையான அளவில் இருந்தால் வாங்கியில் குறை என்றும் பொதுவாகக் கொள்வார்கள். பருவமடைந்தபின் எல்லா ஆண்களிலும் இந்த அளவு தானாகவே இறங்கிவிடுவதால், சிறு வயதிலேயே செய்வதுதான் பயனுள்ளது. ஊசி போட்டு டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறதா என்று பார்ப்பதும், ஸ்கேன் எடுப்பதும் உண்டு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவெடுக்க முடியாது. குழந்தையின் கருப்பை அவ்வளவு சிறியது. லப்பரஸ்கோபி, அதாவது தொப்புள் வழியாகச் சிறு கமரா செலுத்திப் பார்ப்பதே கண்ணால் காணும் சாட்சி.

சத்திரசிகிச்சையில் என்ன செய்கிறார்கள்

நோக்கம் ஒன்றுதான்: இரண்டு விதைகளையும், அவற்றின் இரத்த ஓட்டத்துக்கும் விந்துக்குழாய்க்கும் கேடு வராமல், விதைப்பைக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்துவது. கருப்பையை எடுப்பதா விடுவதா என்பது அதற்குப் பின்னால் வரும் கேள்வி. பெற்றோர் பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, "அந்தக் கருப்பையை எடுத்துவிட்டால் போதும்" என்று வைத்தியரை நெருக்குகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், விந்துக்குழாய் இந்தக் கருப்பையின் இரு பக்கச் சுவர்களோடு ஒட்டியே கீழிறங்குகிறது. சில இடங்களில் சுவருக்குள்ளேயே புதைந்து ஓடுகிறது. லப்பரஸ்கோபித் திரையில் நானே கண்டிருக்கிறேன்: சேலைக் கரையில் நெய்த சரிகை இழையைப்போல அது வெண்மையாகத் தெரியும், இழையை மட்டும் தனியே உருவப் போனால் சேலை கிழியும். விந்துக்குழாயோடு ஓடும் சிறு நாடியும் அதே சுவரில்தான் இருக்கிறது. ஆகையால் கருப்பையை முழுவதுமாகத் தோண்டியெடுப்பது சரியென்று இப்போது பலர் கருதுவதில்லை. அதற்குப் பதிலாக, கருப்பையை நடுவில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வலப் பாதியை வலது விதையோடும் இடப் பாதியை இடது விதையோடும் விட்டு, இரண்டையும் தனித்தனியே கீழே இறக்குகிறார்கள். பிளந்த பாதிகளின் உள்தோலை நீக்கிவிடுவதும், விந்துக்குழாய்க்குத் தொலைவிலுள்ள பலோப்பியன் குழாயையும் கருப்பையின் மேற்பகுதியையும் மட்டும் எடுப்பதும் உண்டு.

விதைக்கு இரத்தம் கொண்டுவரும் முதன்மை நாடி சிலருக்குக் குட்டையாக இருக்கும். மற்றப் பிள்ளைகளில் அந்த நாடியைக் கட்டிவிட்டு, விந்துக்குழாயோடு வரும் சிறு நாடியை நம்பி விதையை இறக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஃபௌலர் ஸ்டீபன்ஸ் முறை என்பார்கள். பி.எம்.டி.எஸ். பிள்ளைக்கு அந்தச் சிறு நாடி கருப்பைச் சுவரில் இருப்பதால், கருப்பையை எடுத்த பிறகு இந்த முறையைக் கையாண்டால் விதை பிழைக்க வழியில்லாமல் போகலாம். எனவே எந்த ஒழுங்கில் எதைச் செய்வார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. சிலருக்கு ஒரே தடவையில் முடியும். சிலருக்கு மாத இடைவெளியில் இரண்டு தடவை தேவைப்படும். எப்படியும் இறக்க முடியாத, அல்லது ஏற்கெனவே சுருங்கி அழிந்த விதையை எடுத்துவிட வேண்டி வரலாம்.

கருப்பையின் ஒரு பகுதியை விட்டால் அதில் பிற்காலத்தில் புற்றுநோய் வராதா என்று கேட்பீர்கள். அரிதாக வந்திருக்கிறது, அதனால்தான் வாழ்நாள் முழுதும் கண்காணிக்கச் சொல்கிறார்கள். முற்றாக எடுப்பதால் வரும் கேடு உடனடியானது, விடுவதால் வரும் ஆபத்து அரிதானது; இந்த இரண்டையும் உங்கள் பிள்ளையின் நிலைக்கு ஏற்பச் சீர்தூக்கி உங்கள் நிபுணர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சம்மதப் பத்திரமும் முதல்நாள் ஆயத்தமும்

சம்மதப் பத்திரம் சிங்களத்தில் நீட்டப்பட்டால் வாங்கிக் கைநாட்டுப் போட்டுவிடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. வாட்டில் தமிழ் தெரிந்த தாதியோ சிற்றூழியரோ அநேகமாக இருப்பார்கள், அவரை அழைக்கச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் மூன்று விடயங்களைத் தெளிவாகக் கேளுங்கள்: விதைகள் இப்போது எங்கே இருக்கின்றன, விந்துக்குழாயைக் காப்பாற்ற என்ன செய்யப் போகிறீர்கள், கருப்பையில் எவ்வளவு எடுப்பீர்கள், எவ்வளவு விடுவீர்கள்.

மயக்க மருந்துக்கு முன் பட்டினி இருப்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. சோறு, ரொட்டி, பிஸ்கட், மாப்பால் ஆகியவற்றை ஆறு மணித்தியாலத்துக்கு முன்னும், தாய்ப்பாலை நான்கு மணித்தியாலத்துக்கு முன்னும் நிறுத்துவது வழக்கம். வாட்டில் குறித்துத் தரும் நேரமே இறுதியானது. பிள்ளை அழுகிறான் என்று பாட்டி இரகசியமாக ஊட்டிய ஒரு பிஸ்கட்டால், அந்த உணவு சுவாசக் குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. தடிமனோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தபின்

லப்பரஸ்கோபியில் முடிந்தால் சில நாட்களில் வீட்டுக்கு விடுவார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குக் காலை விரித்து உட்காரும் விளையாட்டு எதுவும் வேண்டாம்: சைக்கிள், மரக்குதிரை, இடுப்பில் காலைப் பரப்பித் தூக்கிவைப்பது எல்லாம் இதில் அடங்கும். நம் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே லயத்துப் படி ஏறுவார்கள். இந்த நாட்களில் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொள்ளுங்கள். காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம். ஈரத்துணியை உடனே மாற்றி, அந்த இடத்தை உலர்வாக வைத்திருங்கள். மழைக்காலத்தில் துணி காயாது என்பதால் போகும் முன்பே கூடுதலாக உலர்த்தி அடுக்கி வைப்பது நல்லது. பை சற்று வீங்கியிருப்பது இயல்பு. வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, சிவந்து சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை சிறுநீர் கழிக்காமல் துடித்தாலோ உடனே திரும்பிப் போக வேண்டும்.

வீட்டுக்கு விடும்போது வைத்தியசாலையில் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டைப் பற்றி வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பதினொரு வயதுப் பையன் ஒருவன் எங்கள் வாட்டுக்கு வந்தான். மூன்று வயதில் வேறொரு இடத்தில் சத்திரசிகிச்சை செய்தபோது உள்ளே ஏதோ கண்டதாக நடைபாதையில் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். தாய்க்குப் பாதிதான் விளங்கியது. கார்டில் இருந்தது "ஹேர்னியா சரிசெய்யப்பட்டது" என்ற ஒரு வரி மாத்திரமே. கருப்பையைத் தொட்டார்களா, துணுக்கு எடுத்தார்களா என்று அறிய முடியாமல், அந்தப் பிள்ளையை மீண்டும் மயக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. அவனுடைய ஒரு விதை அதற்குள் பயனற்றுப் போயிருந்தது. ஆகவே வீட்டுக்கு விடும் அன்று, கண்டவை, செய்தவை, விட்டவை, துணுக்கின் முடிவு ஆகிய நான்கும் கார்டில் இருக்கின்றனவா என்று ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். பொலித்தீன் பையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைப்பது நம் வழக்கம். அதோடு போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகி அழிந்த கார்டுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

குடும்பத்தாருக்கு

இந்தக் குறை தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பாதியாகக் கொடுத்த பரம்பரையலகுகளால் பெரும்பாலும் வருகிறது. ஒரு பிரதி மட்டும் குறையுள்ளவருக்கு ஒரு அடையாளமும் இருக்காது. இருவரும் அப்படி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இருவரும் அதே பிரதியைச் சுமப்பது கூடுதலாக நேரும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், மாசமாக இருக்கும்போது கொழுந்துக் கூடை சுமந்தாள் என்று மருமகளைக் குற்றஞ்சொல்வதில் எள்ளளவும் நியாயம் இல்லை. செய்ய வேண்டியது, அண்ணன் தம்பிமாரையும், தாய்மாமன், சிற்றப்பன் வீட்டு ஆண் குழந்தைகளையும் அந்த வெந்நீர்ச் சோதனைக்கு உட்படுத்தி, சந்தேகமிருந்தால் காட்டுவதுதான்.

பையனிடம் மறைக்காதீர்கள். ஏழெட்டு வயதில், "உன் விதைகள் வயிற்றுக்குள் நின்றுவிட்டன, டாக்டர் கீழே இறக்கிவிட்டார்" என்பது போதும். பதினான்கு பதினைந்து வயதில் முழு விடயத்தையும் தகப்பனோ தாய்மாமனோ அமைதியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வயதிலிருந்து மாதத்துக்கொரு முறை குளிக்கும்போது விதைகளைத் தானே தடவிப் பார்த்து, கட்டியோ கனமோ தென்பட்டால் சொல்ல வேண்டியவன் அவன்தான். குழந்தைப்பேறு பலருக்குத் தடைப்படுகிறது என்றாலும், தகப்பனானவர்களும் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சுக்கு முன் விந்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிறுநீரில் இரத்தம் கண்டாலோ அடிவயிற்றில் கட்டி தெரிந்தாலோ, எத்தனை வயதானாலும், அந்தப் பழைய டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டச் சொல்லி வையுங்கள்.